சத்தமில்லாத அரையிறுதி

சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டால் டிவி பார்ப்பது தப்பில்லையே என்ற யோசனை எனக்கு முடிவெட்டுகிற கடை வாசலில் வந்தது. அப்போது பதினோரு வயது, கையில் சீனிப் பொட்டலம். கடைக்குள்ளே கண்ணாடிக்கு மேலே பலகையில் ஒரு சின்ன டிவி, அதில் ஹாக்கி. நான் நின்ற நேரம் பார்த்து ஒரு மணல் லோரி வந்து சாலையை அடைத்துக்கொண்டு உறுமியது. மலாயில் கத்திக்கொண்டிருந்த வர்ணனையாளர் குரலும் கூட்டத்தின் கூச்சலும் அதில் அமுங்கிப் போயின. ஆனால் பந்து தெரிந்தது. யார் யாரை ஏமாற்றிக்கொண்டு போகிறான் என்பது தெரிந்தது. லோரி நகர்கிற வரைக்கும் எனக்கு எதுவும் குறையவில்லை. அட, இவ்வளவுதானா என்று இருந்தது. சீனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுதுவதற்குக் காரணம் ஒரு போன் செய்தி. போன வாரம் கிள்ளானில் என் வீட்டுக்காரரின் அண்ணன் தவறிவிட்டார். மறுநாளே குடும்பக் குழுவில் ஒரு பிள்ளை எழுதியிருந்தான்: பதினாறு முடியும் வரை அந்த வீட்டில் யாரும் டிவி போட வேண்டாம், பெரியம்மா மனசு கஷ்டப்படும். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்புகிற படங்கள். ‘பெரியம்மாவைக் கேட்டீர்களா?’ என்று தட்டினேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன். எனக்கு வந்த எரிச்சல் யார்மேல் என்று யோசித்துப் பார்த்தால், பாதி அந்தப் பிள்ளைமேல், பாதி என்மேல்.

என் வயதுக்காரர்களுக்கு அந்த வருஷம் ஞாபகம் இருக்கும். உலகக் கோப்பை ஹாக்கி நம்ம ஊரிலேயே நடந்தது. கோலாலம்பூரில். பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் உலகமெல்லாம் வந்து இறங்கியிருந்தது. போட்டி ஆரம்பிக்க மூன்று நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டு மாமா வேலை செய்கிற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

எங்கள் வரிசையில் டிவி இருந்தது எங்கள் வீட்டில்தான். நாலு கால் வைத்த மரப்பெட்டி. முன்பக்கம் இரண்டு இழுப்புக் கதவு, நடுவில் பூட்டு. மேலே அம்மா பின்னிய துணி, அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா. இப்போது கிடைத்தால் என்ன விலை கொடுத்தாலும் வாங்குவேன், வாங்கி அந்தப் பூட்டை உடைப்பேன். ஏனென்றால் அதன் சாவி அப்பாவின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. குளித்தாலும் தூங்கினாலும் அங்கேதான். நாட்டின் ரகசியமே அந்தப் பெட்டிக்குள் இருக்கிற மாதிரி.

வீடுகளுக்கு நடுவில் இருந்த பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி, அதில் கம்பி வலை. அடுத்த வீட்டுத் தாளிப்பு எங்களுக்கு வரும், எங்கள் சண்டை அவர்களுக்குப் போகும். ஹாக்கியோ பூப்பந்தோ டிவியில் வந்தால் மாமா எங்கள் வீட்டில் தரையில் காலை நீட்டி உட்காருவார். அத்தை அந்தப் பக்கம் சமைத்துக்கொண்டே, சுவருக்கு மேலே பார்த்து, “யாருக்கு?” என்பார். யார் பக்கம் கோல் விழுந்தது என்று அர்த்தம். மாமா பதில் கத்துவார். மாமா இந்தியா கட்சி, அத்தை மலேசியா கட்சி. தோற்கிற கட்சி கோப்பி கலக்க வேண்டும். மாமா கலக்கிய கோப்பியைக் குடித்துவிட்டு அத்தை, “இதுக்குத் தோத்தே இருக்கலாம்லா,” என்று சொன்னது எங்களுக்குக் கேட்கும்.

இவ்வளவும் கேட்டுக்கொண்டு இருந்த பெரியவர்கள், ஹாக்கிப் பைத்தியம் மாமா மட்டும்தான் என்று எப்படி முடிவு செய்தார்களோ தெரியவில்லை.

மாமாவை எரித்துவிட்டு வந்த அன்று அப்பா வாசலில் நின்று அறிவித்தார். எங்கள் வரிசை மரண உதவிச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். பந்தல், பறை, லோரி எல்லாம் அவர் சொன்னால் வரும். “பதினாறு நாள் இந்த வரிசையில ரேடியோ, டிவி எதுவும் சத்தம் போடக் கூடாது. அந்தம்மா மனசைப் பார்க்கணும்.” எல்லோரும் தலையாட்டினார்கள். பூட்டு விழுந்தது.

நான் விரல் விட்டு எண்ணினேன். அரையிறுதி அன்று பதினைந்தாம் நாள். மலேசியா அரையிறுதிக்கு வந்தே வந்துவிட்டது, அதுவும் இந்தியாவோடு. எனக்கு ஒரே ஒரு நாள் இடித்தது.

“அப்பா, செத்த நாளையும் சேர்த்து எண்ணினா அரையிறுதி அன்னிக்கே பதினாறு வந்துருது.”

“யாரு செத்த நாளை?”

“மாமா செத்த நாளை. நீங்க எரிச்ச நாள்லேர்ந்து எண்ணுறீங்க.”

அப்பா சாப்பிட்ட கையோடு என்னைப் பார்த்தார். “ஒரு மனுஷன் செத்ததை ஹாக்கிக்காக எண்ணிக்கிட்டு இருக்கியா நீ?”

சடங்கு செய்கிற பண்டாரத்திடம் போய்க் கேட்டேன். சில இடத்தில் அப்படி, சில இடத்தில் இப்படி, உன் அப்பா எப்படிச் சொல்றாரோ அப்படி என்றார். பெரியவர்களிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று சொன்னவர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

முடிவெட்டுகிற கடைக்கே போய்ப் பார்க்கலாமே என்பீர்கள். மூலைக் கோப்பிக் கடையிலும் டிவி இருந்தது. ஆனால் நான் பொம்பளைப் பிள்ளை. வாசலில் இரண்டு நிமிஷம் நின்றால் மூன்றாவது நிமிஷம் அப்பாவுக்குச் சேதி போய்விடும். ஏழு வயதுத் தம்பி எங்கே வேண்டுமானாலும் போகலாம். அவனை அனுப்பினால் வந்து, “ஒருத்தன் விழுந்தான்,” என்பான். அவனுக்கு ஹாக்கி என்றால் யார் விழுந்தார்கள் என்பதுதான்.

அப்படி இருக்கும்போதுதான் லோரி வந்து எனக்கு வழி காட்டியது. அப்பா சொன்னது ‘சத்தம் போடக் கூடாது’ என்றுதானே.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா உளுந்தைப் புடைத்துக்கொண்டே இருந்தார். பதினைந்தாம் நாள் பிற்பகல், அப்பா வெளியே போயிருந்த நேரம், கருமாதிப் பலகாரத்துக்கு மாவு அரைக்க மில்லுக்குக் கிளம்பினவர் அரிசி டின்னுக்குள் கையை விட்டு இன்னொரு சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். அப்படி ஒன்று இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

“நீ என்னைக் கேட்கல, நான் உனக்குக் கொடுக்கல. சத்தம் வெளிய வந்துச்சு, முதுகுத் தோலை உரிச்சிருவேன்.”

ஜன்னலில் போர்வை கட்டினோம், வெளிச்சம் வெளியே தெரியாமல் இருக்க. உள்ளே இட்லிப் பானை மாதிரி வெந்தது. அந்த டிவியில் ஒரே குமிழ். ‘டிக்’ என்று திருகினால் உயிர் வரும், அதற்கு மேல் மயிரிழை திருப்பினால் சத்தம் வரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ‘டிக்’ மட்டும் திருகினேன். சூடேறிப் படம் வர ஒரு நிமிஷம். தம்பி அதற்குள் மூன்று தரம், “யாரு விழுந்தா?” என்றான்.

படம் வந்தது. மைதானம் முழுக்கத் தண்ணீர்.

மழை. எங்கள் தகரக் கூரையிலும் அதே மழை சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் அது உறைக்கவில்லை. பதினைந்து நாள் காத்திருந்து, சாவி கிடைத்து, போர்வை கட்டி, வியர்வையில் நனைந்து உட்கார்ந்தால், டிவிக்குள் குடை பிடித்துக்கொண்டு நாலு பேர் நிற்கிறார்கள்.

தம்பி அழுகிற முகத்துக்குப் போனான். அழுதால் சத்தம் வருமே. அவன் காதோரம் குனிந்து ரகசியக் குரலில் நானே வர்ணனையை ஆரம்பித்தேன்.

“இப்போ ரப்பர் பூட்ஸ் போட்ட ரெண்டு பேர் இறங்குறாங்க. ஒருத்தர் கையில வாளி. இன்னொருத்தர் கையில பஞ்சு. குனியறார். உறிஞ்சறார். வாளியில பிழியறார். நல்ல பிழிசல். மறுபடி குனியறார். வழுக்குது, வழுக்குது… சமாளிச்சிட்டார்.”

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நானும் வேகம் பிடித்து, “வாளி இடது பக்கம் போகுது, வாளியைத் தடுக்க யாரும் இல்ல,” என்று போய்க்கொண்டிருந்தேன். அப்போது சுவருக்கு மேலேயிருந்து குரல் வந்தது.

“யாருக்கு?”

தம்பி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான்.

“யாருக்கும் இல்ல அத்தை,” என்றேன். “மழை.”

பிறகு, “அந்த வாளி நம்ம வாளியா, அவங்க வாளியா?” என்று கேட்டுவிட்டு அத்தை சிரித்தார். சின்னச் சிரிப்புதான், தொண்டை கட்டின மாதிரி. துக்க வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதும் நாங்கள் எதையோ உடைத்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

“ஏன் பாப்பா, குசுகுசுன்னு பேசுறே? டிவி சத்தம் வைக்கலையா?”

“அப்பா திட்டுவார் அத்தை. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல.”

“எனக்கா?” குரல் சுவருக்கு இன்னும் கிட்டே வந்தது. “சத்தம் வையேன். இத்தனை நாளா இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் உயிரோட இல்லாத மாதிரி இருக்கு,” என்றார்.

மயிரிழை திருப்பினேன். மழை இரைச்சலும் அதற்கு மேலே வர்ணனையாளர் குரலும் கேட்டன. ஆட்டம் நாளைக்கு என்று மலாயில் சொன்னார். திரையில் ஒரு அறிவிப்பு அட்டை வந்தது, அதோடு ஏதோ இசை. அத்தைக்கும் எனக்கும் கிடைத்தது அவ்வளவுதான். அணைத்தபோது திரை நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி நின்று, சுருங்கி, போனது.

ஆனால் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்குப் பதினாறாம் நாள். நான் எண்ணி மன்றாடிக் கிடைக்காத ஒரு நாளை மழை கொடுத்துவிட்டது. அத்தையே சத்தம் வைக்கச் சொல்லிவிட்டார். இனி என்ன தடை.

மறுநாள் காலையில் சடங்கு முடிந்தது, மதியம் பந்தி முடிந்தது. ஜெஞ்சாரோமிலிருந்து அத்தையின் அண்ணன் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்திருந்தார். நாலு மணிக்கும் யாரும் கிளம்பவில்லை. பந்தலில் ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தார்கள். ஹெலிகாப்டர் வந்து காற்றடித்து மைதானத்தைக் காயவைக்கிறதாம் என்று ஒருவர் சொன்னார். அதுவரை ஹாக்கி என்ற வார்த்தையையே கேள்விப்படாதவர்கள் மாதிரி முகத்தை வைத்திருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சரி, இதுதான் சமயம் என்று நான் அப்பாவிடம் போனேன்.

“அப்பா, சாவி.”

“சொந்தக்காரங்க எல்லாம் போகட்டும். விளக்கு வச்ச பிறகு பார்க்கலாம்.”

“விளக்கு வைக்கிறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிரும்பா.”

“அந்தம்மா மனசு என்னாகும்?”

அங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி, “அத்தைதான் டிவி கேட்டாங்க. நேத்து சத்தம் வைக்கச் சொன்னதே அத்தைதான்,” என்றேன்.

வெற்றிலை மெல்லுகிற வாயெல்லாம் நின்றது. அத்தையின் அண்ணன் எழுந்து வாசற்படிக்கு வந்தார். அத்தை வீட்டுக்குள்ளே பாயில் பெண்களுக்கு நடுவே அத்தை உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஒன்றுமில்லாமல், காதிலும் ஒன்றுமில்லாமல். அப்பா வாசலில் நின்றபடியே, ரொம்ப மரியாதையாக, “நீங்களா தங்கச்சி டிவி போடச் சொன்னீங்க?” என்றார்.

பத்துப் பதினைந்து பெண்கள் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இல்லண்ணே,” என்றார் அத்தை. என்னைப் பார்க்கவில்லை.

“நேத்து எப்படித் திறந்தே?” என்று அப்பா என்னிடம் திரும்பினார். நான் வாய் திறப்பதற்கு முன்னால் அம்மா எழுந்து போனார். எங்கள் வீட்டு அரிசி டின் மூடி திறக்கிற சத்தம் சுவருக்கு மேலே கேட்டது. சாவியைக் கொண்டுவந்து அப்பா கையில் வைத்தார். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“பொம்பளைப் பிள்ளைக்கு இந்த வயசுல இவ்வளவு பொய்,” என்றார் ஜெஞ்சாரோம் அண்ணன்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். இரண்டு பேர் கோப்பி குடித்துவிட்டு வருகிறோம் என்று மூலைக் கடைக்குப் போனார்கள். அவர்களைத் தேடி மூன்று பேர் போனார்கள். ஜெஞ்சாரோம் அண்ணன் சுருட்டு வாங்கப் போனார். கடைசியில் அப்பா, “என்ன இது, எல்லாரும் துக்க வீட்டை விட்டுட்டு,” என்று திட்டிக்கொண்டே அவர்களை அழைத்துவரப் போனார். அரைஞாணில் ஒரு சாவி, சட்டைப் பையில் ஒரு சாவி. ஒருவரும் திரும்பவில்லை. அத்தை வீடு முழுக்கப் பெண்கள், சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டில் பூட்டிய டிவி, மேலே பிளாஸ்டிக் ரோஜா.

கடையிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. அத்தையின் தலை ஒரு விரற்கடை நிமிர்ந்தது. இன்னொரு கூச்சல் வந்தபோது அத்தை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். தம்பி மூச்சிரைக்க ஓடிவந்தான். எல்லாப் பெண்களும் அவனைப் பார்த்தார்கள்.

“ரெண்டு பேர் விழுந்தாங்க.”

“யாரு ஜெயிக்கிறா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“நம்ம ஆளுங்க. ரெண்டு. அவங்க ஒண்ணு.”

அதற்கப்புறம் நெடுநேரம் கூச்சலே இல்லை. ஒரே ஒரு ஆள் மட்டும் ஒரு தடவை கத்தினார், ஜெஞ்சாரோம் அண்ணன் குரல் மாதிரி இருந்தது. அத்தை முறுக்கிய தலைப்பை விட்டுவிட்டார். எனக்கும் புரிந்துவிட்டது. முடிகிற நேரத்தில் இந்தியா சமன் செய்து, கூடுதல் நேரத்தில் ஜெயித்தது. சுருட்டு வாங்கப் போனவர் சுருட்டு இல்லாமலே சிரித்த முகமாகத் திரும்பினார். அப்பா உள்ளே வந்து, “கூட்டிட்டு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு,” என்றார்.

வேன் போய், விளக்கு வைத்த பிறகு அப்பா தானாகவே டிவியைத் திறந்தார். செய்தி ஓடியது. நான் சுவர் ஓரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தேன்.

“பாப்பா.” பலகைக்கு அந்தப் பக்கம், என் தலைக்கு நேராக. “தோத்துட்டோம்ல?”

போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன்.

“அந்த மனுஷன் இருந்திருந்தா இந்நேரம் நான் கோப்பி கலக்கிக்கிட்டு இருப்பேன்.”

“நீங்கதானே அத்தை சத்தம் வைக்கச் சொன்னீங்க.” எழுந்து உட்கார்ந்தேன். “நான் பொய்யா சொன்னேன்?”

“நீ பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்.” பலகையில் அவர் முதுகு சாய்கிற சத்தம் கேட்டது. “புருஷன் செத்துப் பதினாறு முடியல, இவளுக்கு ஹாக்கி கேட்குதான்னு அத்தனை பேரும் பார்க்கும்போது நான் என்னடி சொல்வேன்? நீ ஏன் என் பேரைச் சொன்னே? எனக்கு வேணும், எனக்குப் பார்க்கணும்னு நீ அழுதிருந்தா, ‘பாவம், குழந்தை ஆசைப்படுது, போட்டு விடுங்கண்ணே’ன்னு நான் சொல்லியிருப்பேன். அதை நான் சொல்லலாம். அதுக்கு என்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

அன்று அது எனக்குப் புரியவில்லை. கோபம்தான் வந்தது. நியாயமே அத்தை பக்கம் இருந்ததால்தானே அவர் பேரைச் சொன்னேன். அதன்பின் அத்தை அம்பாங்கில் இருந்த தன் தம்பி வீட்டோடு போய்விட்டார். அந்தச் சுவரையும் இடித்துவிட்டார்கள், வரிசையையும் இடித்துவிட்டார்கள். டிவி யார் கைக்குப் போனது என்று தெரியாது.

கிள்ளானில் இருக்கிற என் ஓரகத்திக்கு, அந்தப் பிள்ளை எழுதிய பெரியம்மாவுக்கு, ஹாக்கி தெரியாது. பூப்பந்துதான். சமையலறையில் ரப்பர் செருப்போடு நின்றுகொண்டே இறகுப் பந்தை அடிக்கிற மாதிரி கையை வீசுவார். ஒவ்வொரு இறுதி ஆட்டம் முடிந்ததும் எனக்குப் போன் பண்ணி, நடுவரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத்தான் சாப்பிடுவார். சனிக்கிழமை உலகப் போட்டி ஆரம்பிக்கிறது. பதினாறு வருவதோ அடுத்த வாரம். நேற்றுப் போன் செய்தேன். என்ன செய்றீங்க அக்கா என்றால், “சும்மா உட்கார்ந்திருக்கேன். வீடு அமைதியா இருக்கு. பிள்ளைங்க ரொம்ப நல்லாப் பார்த்துக்கிறாங்க,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சனிக்கிழமைதானே?” என்றார். எது சனிக்கிழமை என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மதியம் போகிறேன். எல்லோரும் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போகிறேன். குழுவில் கைகூப்பினவர்கள் அத்தனை பேரும் கூடத்தில் இருக்கட்டும். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அவர் பேரை எடுக்கவே மாட்டேன். அறுபது தாண்டியவள், முட்டி வலிக்காரி, நல்லது கெட்டது தெரியாதவள் என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை. சோபாவில் நடுவில் உட்கார்ந்து, ரிமோட்டைக் கொண்டா என்று அந்தப் பிள்ளையிடமே கையை நீட்டி, எனக்கு மேட்ச் பார்க்கணும், என்னால் இருக்க முடியாது என்று சொல்லப் போகிறேன். நல்லா சத்தமாக.